லட்சம் வருடம் தாங்கும் ஐசோடோப்பை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "கோயமுத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு ஃபவுண்டரி நடத்துகிறோமுங்க. ஸ்கிராப் லோடு வந்தால் கதிர்வீச்சு மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவோம். அணுமின் நிலையக் கழிவில் லட்சக்கணக்கான வருஷம் அழியாத ஐசோடோப்பு எல்லாம் இருக்கிறது என்கிறார்களே, அதையும் இதே மாதிரி மீட்டரை வைத்துப் பார்த்துவிட முடியாதா? இல்லையென்றால் எப்படித்தான் அளக்கிறார்கள்? பொண்ணு ஈரோட்டில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கிறாள். அவளும் சேர்ந்துதான் கேட்கிறாள்."

முடியாதுங்க. மீட்டர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் முடியாது. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கதிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கோபிப் பக்கம் வந்து உட்கார்ந்திருப்பவன் நான். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மீட்டர் அணுக்களை எண்ணுவதில்லை. ஒரு அணு சிதையும்போது வெளியே வரும் கதிரைத்தான் எண்ணுகிறது. அரை ஆயுள் என்பது இருக்கும் அணுக்களில் பாதி சிதைந்து முடிய ஆகும் காலம். அது நீளம் என்றாலே அந்த அணு எப்போதாவதுதான் சிதையும் என்று பொருள். சீசியம்-137 என்பதன் அரை ஆயுள் ஏறக்குறைய 30 வருடம் (பெயருக்குப் பின்னால் வரும் எண் அணுவின் எடையைக் குறிக்கும், ஒரே தனிமத்தில் எடை மாறினால் அது வேறு ஐசோடோப்பு). அதில் ஒரு கிராம் எடுத்தால் ஒரு வினாடிக்குச் சுமார் 3.2 லட்சம் கோடி சிதைவுகள் நடக்கும். அயோடின்-129 என்பதன் அரை ஆயுள் 1 கோடியே 57 லட்சம் வருடம். அதே ஒரு கிராமில் வினாடிக்குச் சுமார் 65 லட்சம் சிதைவுகள்தான். இரண்டுக்கும் நடுவில் ஐந்து லட்சம் மடங்கு வித்தியாசம். ஒரு கழிவு டிரம்மில் இரண்டும் சேர்ந்து கிடந்தால் எது மீட்டரில் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணிக்கை குறைவு என்பதோடு போகவில்லை. வருகிற கதிரும் சோனி. டெக்னீசியம்-99 (அரை ஆயுள் 2 லட்சத்து 11 ஆயிரம் வருடம்) பீட்டா (எலெக்ட்ரான் கதிர்) மட்டுமே கொடுக்கும், பயன்படுகிற காமா (எக்ஸ்-ரே போல ஊடுருவும் கதிர்) கிடையாது. நிக்கல்-63 கொடுக்கும் பீட்டா அதைவிடப் பலவீனம், ஒரு பிளாஸ்டிக் தாளே அதை நிறுத்திவிடும். அயோடின்-129 ஒரு காமா கொடுக்கிறது, ஆனால் அதன் ஆற்றல் 40 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்தான். சில மில்லிமீட்டர் இரும்பைத் தாண்டுவதற்குள் அது அடங்கிப்போகும். கோபால்ட்-60 வெளியிடும் இரண்டு காமாக்களும் ஆயிரம் கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியவை, லாரியின் பக்கப் பலகையையும் மேலே கிடக்கும் இரும்பையும் துளைத்துக்கொண்டு உங்கள் மீட்டருக்கு வந்து சேரும்.

இதைச் சொல்வதால் மீட்டரை மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள். உங்கள் தொழிலுக்கு ஆபத்து கோபால்ட்-60, சீசியம்-137 இரண்டாலும்தான், அவற்றை அது நன்றாகவே பிடிக்கும். 2010-ல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்குப் போன ஆய்வுக்கூடக் கருவி ஒன்றிலிருந்த கோபால்ட்-60 ஓர் உயிரைப் பறித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, இந்தியாவில் உருக்கிய எஃகில் செய்த லிஃப்ட் பட்டன்களில் கோபால்ட்-60 இருப்பதை பிரான்சில் கண்டுபிடித்தார்கள். இரண்டுமே கேட்டில் ஒரு மீட்டர் இருந்திருந்தால் பிடிபட்டிருக்கக்கூடியவை. இன்னொன்றும் கேளுங்கள். தப்பித்தவறி ஒரு கதிரியக்க மூலம் ஃபர்னஸுக்குள் போய்விட்டால், கோபால்ட் உலோகத்தோடு கலந்து வார்ப்பில் நிற்கும், அமெரிசியம் கசடில் ஒதுங்கும், சீசியம் ஆவியாகி பேக் ஃபில்டர் தூசியில் போய் உட்காரும். 1998-ல் ஸ்பெயினில் ஒரு எஃகு ஆலையில் சீசியம் அப்படித்தான் புகையோடு வெளியேறியது, ஐரோப்பாவில் பல நாடுகளின் காற்றில் அது பதிவானது. ஆகவே வார்ப்பைச் சோதித்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தூசி மூட்டையருகிலும் மீட்டரைக் காட்டுங்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு நியாயமான சந்தேகம் வரும். மோல்டுக்கு ஜிர்கான் கோட்டிங் அடிக்கிறீர்கள், அந்த ஜிர்கான் மூட்டைக்குப் பக்கத்தில் மீட்டரைக் கொண்டுபோனால் எண்ணிக்கை ஏறும். ஜிர்கான் மணலில் யுரேனியமும் தோரியமும் இயற்கையாகவே சிறிதளவு இருக்கின்றன. யுரேனியம்-238 அரை ஆயுள் 447 கோடி வருடம், தோரியம்-232 அரை ஆயுள் 1,400 கோடி வருடம். அயோடின்-129 அவற்றுக்கு முன்னால் குழந்தை. அவை தெரிகிறபோது இது ஏன் தெரியாது?

காரணம், மீட்டரில் ஏறுவது யுரேனியமோ தோரியமோ அல்ல, அவற்றின் சந்ததி. இரண்டில் எது சிதைந்தாலும் அடுத்து ஒன்று, அதற்கடுத்து ஒன்று என்று ஒரு நீண்ட வரிசை. யுரேனியம் வரிசையில் பிஸ்மத்-214, தோரியம் வரிசையில் தாலியம்-208 போன்றவை நிமிடக் கணக்கில் உயிர்வாழும், வலுவான காமா கொடுக்கும். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து கிடப்பதால் அவையெல்லாம் எப்போதும் மூட்டைக்குள் இருக்கும். அணு உலையில் பிறக்கும் நீண்ட ஆயுள் ஐசோடோப்புகள் பலவற்றுக்கு இந்தச் சந்ததி கிடையாது. டெக்னீசியம்-99 சிதைந்தால் ருத்தேனியம்-99, அதோடு கதை முடிந்தது. அயோடின்-129 சிதைந்தால் செனான்-129, அதுவும் நிலையானது. காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. விதிவிலக்குகளும் உண்டு. நெப்டூனியம்-237 இருபத்தொரு லட்சம் வருட அரை ஆயுள் கொண்டது, ஆனால் அதன் வாரிசான புரோட்டாக்டினியம்-233 கொடுக்கும் காமாவை வைத்து அதைப் பிடித்துவிடலாம். நியோபியம்-94 தானே நல்ல காமா கொடுக்கும்.

சரி, இவை எங்கிருந்து வருகின்றன? யுரேனியம் பிளவுபடும்போது நேரடியாகப் பிறப்பவை ஒரு வகை: டெக்னீசியம்-99, அயோடின்-129, சீசியம்-135, ஜிர்கோனியம்-93. நூறு பிளவில் ஏறக்குறைய ஆறு டெக்னீசியம்-99 ஆகிறது, அதனால் அளவில் அது ஒன்றும் அபூர்வமில்லை. இன்னொரு வகை, உலைக்குள் இருக்கும் சாதாரணப் பொருள்கள் நியூட்ரானை விழுங்கி மாறியவை. சேலத்தில் உருட்டும் துருப்பிடிக்காத எஃகில் நிக்கல் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி எஃகு உலைக்குள் வருடக்கணக்கில் நின்றால் அதிலுள்ள நிக்கலில் ஒரு பங்கு நிக்கல்-59, நிக்கல்-63 ஆகும். எஃகில் அழுக்காக இருக்கும் துளி கோபால்ட், கோபால்ட்-60 ஆகும். கல்பாக்கத்தில் இருப்பது போன்ற கனநீர் உலைகளில், கனநீரிலுள்ள ஆக்சிஜனின் ஓர் ஐசோடோப்பிலிருந்து கார்பன்-14 உருவாகி, நீரைச் சுத்தம் செய்யும் ரெசினில் போய்ச் சேரும். அதனால் அந்த ரெசின் கழிவுக்கு கார்பன்-14 கணக்கு தனியாகவே பார்க்க வேண்டும்.

இவ்வளவு சோனியானவற்றை ஏன் மெனக்கெட்டு அளக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பதில் நிலத்தடி நீரில் இருக்கிறது. சீசியமும் புளூட்டோனியமும் களிமண்ணிலும் பாறையிலும் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளவை. அயோடின், குளோரின்-36, காற்றுப்படும் நீரில் இருக்கும் டெக்னீசியம் ஆகியவை எதிர்மின் அயனிகளாக இருப்பதால் பெரும்பாலும் எதிலும் ஒட்டாமல் தண்ணீரோடு போகும். நம் ஊரில் ஆயிரம் அடிக்கு போர் இறக்கியவர்களுக்குத் தெரியும், கடினப் பாறை என்று பெயர்தான், தண்ணீர் வெடிப்பு வெடிப்பாகத் தேடிப்பிடித்து எங்கெங்கோ போகும். ஐந்நூறு வருடத்தில் சீசியம்-137 லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். புதைத்த இடத்தின் காப்பு பத்தாயிரம் வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று கணக்குப் போடும்போது, பட்டியலின் மேலே வந்து நிற்பவை இந்த அமைதியான ஆட்கள்தான். நம் நாட்டில் குறைந்த, இடைநிலைக் கழிவுகளை மேல்மட்டத்திலேயே கான்கிரீட் அகழிகளிலும் குழிகளிலும் வைக்கிறார்கள். எரிபொருளை மறுசுழற்சி செய்தபின் மிஞ்சும் உயர்நிலைக் கழிவைக் கண்ணாடியாக உருக்கிக் காவலில் வைத்திருக்கிறார்கள். எந்த டிரம் எங்கே போகலாம் என்று முடிவு செய்ய உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற எண் வேண்டும்.

இனி அளக்கும் வேலை.

முதல் தலைவலி மாதிரி எடுப்பது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டைக்குள் குத்தூசியை விட்டு எடுத்து விலை பேசுகிறார்கள். மேலே விரலி, அடியில் கிழங்கும் கல்லும் கலந்திருந்தால் அந்தக் கை மஞ்சள் பொய் சொல்லும். கழிவு டிரம்மின் நிலை இதைவிட மோசம். ஒரே டிரம்மில் கையுறை, துடைத்த துணி, வடிகட்டி, குழாய்த் துண்டு என்று எல்லாம் கிடக்கும். ரெசினாவது பரவாயில்லை, கிளறிவிட்டு எடுக்கலாம். குப்பை டிரம்மில் அரை கிராம் துணியை வெட்டி எடுத்து 'இதுதான் 200 லிட்டருக்கும் பிரதிநிதி' என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். கோடி ரூபாய்க் கருவியின் பிழை ஐந்து சதவீதம் என்று பெருமையாக எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். மாதிரி எடுத்ததில் வந்த பிழை அதில் ஒரு வரிகூட இருக்காது.

அடுத்தது கரைப்பது. இதில் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு பிடிவாதம். எல்லாவற்றையும் நைட்ரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்கினால் உலோகங்கள் கரையும், ஆனால் அயோடின் ஆவியாகிப் புகைக்கூண்டு வழியே போய்விடும். பிறகு கருவியில் 'அயோடின் இல்லை' என்று வரும், வராமல் என்ன செய்யும்? அதனால் அயோடினுக்குத் தனி மாதிரி. காரத்தோடு சேர்த்து உருக்குவது ஒரு வழி. குழாய் உலையில் எரித்து, வரும் ஆவியைக் காரக் கரைசலில் பிடிப்பது இன்னொரு வழி. குளோரின்-36, கார்பன்-14 ஆகியவற்றுக்கும் இதே போன்ற எச்சரிக்கை தேவை.

கரைத்தபின் பிரிப்பது. உங்கள் பெண்ணுக்கு இதில் ஒன்று நன்றாகவே தெரிந்திருக்கும். கல்லூரி லேபில் நிக்கல் கரைசலில் டை-மெத்தில்-கிளையாக்ஸைம் விட்டு, அம்மோனியா சேர்த்தால் ரோஜாச் சிவப்பில் வீழ்படிவு வரும், அதை வடிகட்டி, காயவைத்து, எடை போடுவார்கள். கதிரியக்க எஃகிலிருந்து நிக்கல்-63 பிரிப்பதற்கும் அதே சிவப்புதான் வேலை செய்கிறது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே முதலில் கோபால்ட்-60 போக வேண்டும், இரும்பு போக வேண்டும். கோபால்ட் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு வந்தாலும் அளவீடு கெட்டுவிடும். அதனால் ஒருமுறை வீழ்த்தி, கழுவி, கரைத்து, மறுபடி வீழ்த்துவார்கள். கையுறைப் பெட்டிக்குள் தடித்த ரப்பர் கையோடு நின்று வடிதாளில் அந்தச் சிவப்பைக் கழுவும்போது, கழுவிய நீர் நிறமில்லாமல் வரும்வரை அவசரப்படக் கூடாது.

டெக்னீசியத்துக்கு வேறு உபாயம். நீர்த்த அமிலத்தில் அது பெர்டெக்னேட் என்ற அயனியாக இருக்கும். அதை மட்டும் பிடித்துக்கொள்ளும் ரெசின் நிரப்பிய விரல் நீளக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவோம். சீசியம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட் எல்லாம் வழிந்து கீழே போகும், டெக்னீசியம் மேலேயே நிற்கும். பிறகு செறிவான நைட்ரிக் அமிலம் விட்டால் இறங்கி வரும். வழியில் எவ்வளவு இழந்தோம் என்று தெரிய வேண்டுமே, அதற்கு ஆரம்பத்திலேயே ஒரு சாட்சியைக் கலந்துவிடுவோம். டெக்னீசியத்துக்கு அந்தச் சாட்சி பல இடங்களில் டெக்னீசியம்-99எம், அதாவது கோவை ஆஸ்பத்திரிகளில் தைராய்டு, எலும்பு ஸ்கேனுக்கு ஊசி போடுகிறார்களே, அதே சரக்கு. ஆறு மணி நேர அரை ஆயுள், தெளிவான காமா. கலந்ததில் 80 சதவீதம் கடைசியில் கிடைத்தால், நம் டெக்னீசியம்-99-லும் 80 சதவீதம்தான் கிடைத்திருக்கிறது என்று திருத்திக்கொள்ளலாம். ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தால் சாட்சி அழிந்துவிடும், பிறகு உண்மையான எண்ணிக்கையைத் தொடங்கலாம். அது சிதைந்து தருவதும் டெக்னீசியம்-99 என்பதால் அந்தச் சிறு பங்கைக் கழித்துவிட வேண்டும்.

எண்ணுவதற்குப் பழைய, நம்பகமான வழி திரவ ஒளிர்வு எண்ணி. மாதிரியை ஒளிரும் திரவத்தோடு ஒரு சின்னப் புட்டியில் கலந்து இருட்டுக்குள் வைத்தால், ஒவ்வொரு பீட்டாவும் ஒரு மின்னல் கீற்றாகத் தெரியும். கதிர் வெளியே வரவே வேண்டியதில்லை, திரவத்துக்குள்ளேயே பிடிபடும். நிக்கல்-63, கார்பன்-14 போன்ற பலவீனமான பீட்டாக்களுக்கு இதுதான் வழி.

ஆனால் காலிப் புட்டி வைத்தாலும் கருவி எதையாவது எண்ணிக்கொண்டேதான் இருக்கும். விண்கதிர், சுவரிலுள்ள பொட்டாசியம் என்று காரணங்கள் பல. 1968-ல் லாயிட் கரி என்ற வேதியியலாளர், இந்தப் பின்னணிக்கு மேலே எவ்வளவு இருந்தால் 'இருக்கிறது' என்று சொல்லலாம் என்பதற்கு ஒரு கணக்குக் கொடுத்தார், இன்றும் அதுதான் ஓடுகிறது. பின்னணி நிமிடத்துக்கு 10 என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 600. அவர் கணக்குப்படி அதற்கு மேலே ஏறக்குறைய 117 எண்ணிக்கை இருந்தால்தான் கண்டறிந்ததாக ஆகும். கருவித்திறன் 90 சதவீதம், பிரித்தெடுத்தல் 80 சதவீதம் என்று வைத்தால் இது 0.045 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்றால் வினாடிக்கு ஒரு சிதைவு). அதற்குக் கீழே உள்ளது இருந்தாலும் சொல்ல முடியாது. நேரத்தை நாலு மடங்காக்கினால் எல்லை பாதியாகும், அவ்வளவுதான். வருடக்கணக்கில் புட்டியை வைத்துக்கொண்டிருக்க முடியாது.

அதனால்தான் நீண்ட ஆயுளுக்கு இன்னொரு பாதை வந்தது: சிதைவுக்குக் காத்திருக்காமல் அணுக்களையே எண்ணுவது. ஒரு மில்லி பெக்கரல் டெக்னீசியம்-99 எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்தால் 86 சிதைவு நடக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் அணுக்கள் சுமார் ஆயிரம் கோடி. ஐசிபி-எம்எஸ் என்ற நிறைமானி, மாதிரியை ஆர்கான் பிளாஸ்மாவில் அயனியாக்கி, எடை வாரியாகப் பிரித்து, அந்த அணுக்களைச் சில நிமிடங்களில் எண்ணிவிடும். அரை ஆயுள் நீள நீள இந்த வழிக்கு லாபம், குறையக் குறைய புட்டிக்கு லாபம். சீசியம்-137-ஐ நிறைமானியில் அளப்பது வீண்வேலை. அயோடின்-129-ஐப் புட்டியில் அளப்பதும் ஏறக்குறைய அப்படித்தான்.

நிறைமானிக்கு ஒரு பலவீனம் உண்டு, எடை ஒன்றாக இருந்தால் ஆளைப் பிரித்தறியாது. டெக்னீசியம்-99 எடையில் ருத்தேனியம்-99 இருக்கிறது. சீசியம்-135 எடையில் பேரியம்-135. கனநீர் உலைகளின் அழுத்தக் குழாய்கள் ஜிர்கோனியத்தில் 2.5 சதவீதம் நியோபியம் கலந்த உலோகம். அதில் ஜிர்கோனியம்-93 தேடப் போனால், இயற்கை நியோபியம் முழுவதும் 93 எடையில்தான் இருக்கிறது. ஒரு சுவடு நியோபியம் மிஞ்சினாலும் 'ஜிர்கோனியம்-93 ஏகத்துக்கு இருக்கிறது' என்று கருவி அடித்துச் சொல்லும். எனவே கருவி எவ்வளவு நவீனமானாலும் வேதியியல் பிரிப்பு போகாது. இதை நான் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் புதுக் கருவி வந்ததும் குழாயையும் ரெசினையும் ஓரம் கட்டலாம் என்று நினைப்பவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் வருகிறார்கள்.

அயோடினுக்கு எதிராளி செனான்-129. ஆர்கான் வாயுவிலேயே துளி செனான் அழுக்காக இருக்கும். கருவிக்குள் ஆக்சிஜனை விட்டு செனானை அடக்குவது ஒரு முறை. இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் முடுக்கி நிறைமானி. 1977 வாக்கில் கார்பன்-14-க்காகப் பிறந்த இந்த முறையில் அணுக்களை முதலில் எதிர்மின் அயனியாக்க வேண்டும். செனான் எதிர்மின் அயனியாக நிற்கவே நிற்காது. ஆகவே வாசலிலேயே அது கழன்றுகொள்ளும். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த தந்திரம் இது. டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கான முடுக்கி மையத்தில் கார்பன்-14, பெரிலியம்-10 போன்றவற்றை இந்த முறையில் அளக்கிறார்கள். கழிவு டிரம்மின் அன்றாடக் கணக்குக்கு இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது, சுற்றுப்புற நீரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் இது அருமையாக உதவும்.

புளூட்டோனியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரித்தெடுத்து, எஃகு வில்லையில் மின்னாற்படிவு செய்து, ஆல்பா நிறமாலை எடுப்பார்கள், அதாவது வெளிவரும் ஆல்பா துகள்களை ஆற்றல் வாரியாக எண்ணுவார்கள். ஆனால் புளூட்டோனியம்-239, 240 இரண்டின் ஆல்பா ஆற்றலும் ஒட்டிக்கொண்டிருப்பதால் சேர்த்துத்தான் தெரியும். தனித்தனியே வேண்டுமென்றால் நிறைமானிக்குத்தான் போக வேண்டும். டிரம்மைத் திறக்காமலே பார்க்க நியூட்ரான் எண்ணும் முறை இருக்கிறது. புளூட்டோனியம்-240 தானாகவே பிளந்து கிராமுக்கு வினாடிக்கு ஆயிரம் நியூட்ரான் போலக் கொடுக்கும்.

இவ்வளவும் ஒரு மாதிரிக்கு. ஒரு நிலையத்தில் ஆயிரக்கணக்கான டிரம்கள் இருக்கும்போது ஒவ்வொன்றையும் வெட்டிக் கரைத்துக்கொண்டிருக்க முடியாது, அப்படிச் செய்தால் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் கதிர்வீச்சு ஏறும். அங்கேதான் விகித முறை வருகிறது. டிரம்மைத் திறக்காமல் சுழற்றி, ஜெர்மானியம் டிடெக்டரால் கோபால்ட்-60, சீசியம்-137 இரண்டையும் அளப்பார்கள். முன்கூட்டியே எடுத்த மாதிரிகளிலிருந்து, 'இந்த நிலையத்தின் இந்த வகைக் கழிவில் கோபால்ட்-60 இவ்வளவு என்றால் நிக்கல்-63 இவ்வளவு' என்ற விகிதம் கையில் இருக்கும். பிளவில் பிறப்பவற்றுக்குச் சீசியம்-137, உலோகத்தில் பிறப்பவற்றுக்குக் கோபால்ட்-60. இதற்கு 2007-ல் ஐஎஸ்ஓ 21238 என்று சர்வதேசத் தரமே வந்துவிட்டது.

நான் இந்த முறைக்கு எதிரி இல்லை, வேறு வழியும் கிடையாது. ஆனால் விகிதம் ஓரிடத்தில் பத்து, இன்னோரிடத்தில் நூறு என்று சிதறுவது சகஜம், வரைபடத்தில் மடக்கை அளவுகோல் போட்டால்தான் ஒரு கோடாகத் தெரியும். தவிர கோபால்ட்-60 வெறும் 5.27 வருட ஆள். ஐம்பது வருடம் கழித்து ஒரு பழைய உலையைக் கலைக்கும்போது அது எழுநூறில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும், நிக்கல்-63 எழுபது சதவீதம் அப்படியே இருக்கும். கைகாட்டியே காணாமல் போய்விட்டால் விகிதத்தை வைத்து என்ன செய்வது? கழிவு புதிதாக இருக்கும்போதே நல்ல மாதிரிகளை அளந்து பதிவு செய்து வைக்காத நிலையம் பின்னால் அவதிப்படும்.

'எல்லைக்குக் கீழே' என்ற எண் செய்யும் குளறுபடி தனி. அமெரிக்காவில் 1982 விதிகள் அயோடின்-129, டெக்னீசியம்-99 போன்றவற்றுக்கு மேல்நிலக் கழிவில் வரம்பு வைத்தன. நிலையங்கள் அளந்தபோது பெரும்பாலும் எதுவும் தெரியவில்லை, அப்போது கண்டறியும் எல்லையையே அளவாக எழுதிவிட்டார்கள். அது டிரம் டிரம்மாகக் கூடி, புதைத்த இடத்தின் மொத்தக் கணக்கில் இல்லாத அயோடின் எல்லாம் இருப்பதாக வந்து நின்றது. பின்னால் நிறைமானியில் அளந்து பார்த்தபோது உண்மை அளவு பல மடங்கு குறைவு. பாதுகாப்புப் பக்கம் பிழை செய்வது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் புதைக்கும் இடத்தின் கொள்ளளவு அயோடினால் தீர்ந்துபோனால், இல்லாத ஒன்றுக்காக இடத்தை மூட வேண்டிவரும்.

எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. ஜப்பானில் விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் சுத்திகரித்துத் தொட்டிகளில் சேர்த்த தண்ணீரில் டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பு) மட்டுமே மிச்சம் என்ற பேச்சு பரவலாக இருந்தது. 2018-ல் பார்த்தால் பல தொட்டிகளில் அயோடின்-129 உள்ளிட்டவை வெளியேற்ற வரம்பைத் தாண்டி இருந்தன. அயோடின்-129-க்கு அங்கே வரம்பு லிட்டருக்கு 9 பெக்கரல். அந்தத் தண்ணீரை மறுபடி சுத்திகரிக்க வேண்டியதாயிற்று.

அரை ஆயுள் என்பதே உறுதியான எண் என்றும் நினைக்காதீர்கள். செலினியம்-79-க்கு நெடுங்காலம் அட்டவணைகளில் 65,000 வருடம் என்று இருந்தது. பின்னால் கவனமாக அளந்தபோது மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. நிறைமானியில் அணுக்களைச் சரியாகவே எண்ணியிருந்தாலும், பெக்கரலுக்கு மாற்ற இந்த எண்ணால்தான் வகுக்க வேண்டும். பழைய எண்ணை வைத்துப் போட்ட கணக்கெல்லாம் ஐந்து மடங்கு கூடுதலாகக் காட்டியிருக்கும்.

பொண்ணுக்கு வருகிறேன். கதிரியக்க மாதிரியைக் கையாள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்ற ஆய்வுக்கூடம் வேண்டும், கல்லூரி லேபில் நடக்காது. ஆனால் இந்த வேலையின் முக்கால்வாசியைக் கதிரியக்கம் இல்லாமலே கற்றுக்கொள்ளலாம். திருப்பூரில் ஏற்றுமதித் துணிக்கு ஈயம், காட்மியம் பார்க்கும் சோதனைக்கூடங்களில் ஐசிபி-எம்எஸ் இருக்கிறது. குழந்தைச் சட்டையில் ஈயம் தேடும் கருவியும் டெக்னீசியம் தேடும் கருவியும் ஒரே இனம். அங்கே ஒரு இரண்டு மாதம் பயிற்சிக்குச் சேர்ந்து, பிளாங்க் (மாதிரி எதுவும் சேர்க்காத வெற்றுக் கரைசல்) எப்படி ஓட்டுகிறார்கள், ஒரே எடைக்காரர்களை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கவனித்தால் போதும். டெக்னீசியத்துக்குப் பதிலாக ரீனியத்தை வைத்து ரெசின் பிரிப்பைப் பழகலாம், இரண்டும் குணத்தில் நெருங்கிய சொந்தம், ரீனியம் கதிர்வீச்சுத் தொல்லை தராது. எஃகுத் துருவல் உங்கள் ஃபவுண்டரியிலேயே கிடைக்கும். அதில் நிக்கலைச் சிவப்பு வீழ்படிவாகப் பிரித்து, எத்தனை சதவீதம் கிடைத்தது என்று பார்த்து, உங்கள் ஸ்பெக்ட்ரோ (உலோகத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் கருவி) கொடுக்கும் எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் தப்பு எந்தப் பக்கம் என்று அவள் தேட ஆரம்பித்தால் வேலை பிடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மேலே போக ஆசையிருந்தால், 1957 முதல் நடக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி வேதியியல் முதுகலைப் பட்டதாரிகளையும் எடுக்கிறது. நுழைவுத் தேர்வுக்குக் கரிம வேதியியலைப் பார்த்துப் பயப்படுகிற நேரத்தில் பாதியைப் பகுப்பாய்வு வேதியியலுக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள்.